மூன்றாவது மாடிப் பின்பக்கப் படிக்கட்டு

சரவணா,

போன ஞாயிற்றுக்கிழமை ஹைதராபாத்திலிருந்து நீ கூப்பிட்டபோது, "ஏம்மா இப்பல்லாம் எதுக்கும் ஒத்த வார்த்தையில பதில் சொல்ற? அது முடிஞ்சு போன விஷயம்மா" என்றாய். நான் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன். உனக்கு முடிந்துபோயிருக்கலாம். எனக்கு இன்னும் முடியவில்லை. போனில் பேசினால் நீ நடுவில் விளக்கம் சொல்ல ஆரம்பிப்பாய், நான் குரலை உயர்த்துவேன், பேச்சு வேறெங்கோ போய்விடும். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். இதுவரை உனக்கு நான் கடிதமே எழுதியதில்லை, ஒரே வீட்டில் இருந்தோம், தேவைப்படவில்லை. கடைசிவரை படி. பாதியில் நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடாதே.

அடையாறு ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷன் பொறுப்பில் நான் உட்கார்ந்திருந்தது இருபத்திரண்டு வருஷம். சேர்ந்த புதிதில் அங்கே ஒரே ஒரு கம்ப்யூட்டர். பிறகு மேஜைக்கு ஒன்று வந்தது, ஒவ்வொன்றின் பின்னாலிருந்தும் ஒரு நீல ஒயர் கிளம்பி, சுவரோரமாக ஓடி, கதவிடுக்கில் நசுங்கி, மேல்மாடிக்குப் போகும். எலி கடித்தால் அன்று மேலிருந்து ஒரு ரிப்போர்ட்டும் கீழே வராது. அட்டெண்டர் வேலை பார்த்த மேரிதான் மூன்று மாடி ஏறிப்போய்க் கையில் வாங்கிவருவாள். லிஃப்ட் நோயாளிகளுக்கு மட்டும் என்பது அங்கே சட்டம். ஒயர் நன்றாக இருந்த நாட்களிலும் ஃபிலிம் உறைகளைத் தூக்கிக்கொண்டு அவள் ஏறி இறங்கிக்கொண்டேதான் இருப்பாள். முட்டி வலிக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. "எங்கம்மா கூடையத் தூக்கிக்கினு பட்டினப்பாக்கத்துலேர்ந்து மந்தவெளி வரிக்கும் நடந்துச்சுக்கா. நான் பேப்பருதானே தூக்குறேன்" என்பாள். மீன் கூடையைத் தொடாமல் புடவையில் பின் குத்திக்கொண்டு ஆபீஸுக்குப் போன முதல் பெண் அவள் குடும்பத்தில் அவள்தான். அதில் அவளுக்கு எவ்வளவு பெருமை என்று உனக்கும் தெரியும்.

நீ டிப்ளமோ முடித்து அந்தக் கம்பெனியில் சேர்ந்த பிறகுதான் ஊர் முழுக்க இந்த ஒயர்கள் கழன்றுகொண்டிருப்பது எனக்குத் தெரியவந்தது. சாயங்காலம் ஷூவைக் கழற்றும்போதே அன்றைக்குப் போன இடத்தைச் சொல்வாய். கோபாலபுரத்தில் ஒரு பள்ளிக்கூடம், மயிலாப்பூரில் ஒரு வக்கீல் ஆபீஸ், அபிராமபுரத்தில் ஒரு ஆடிட்டரின் வீட்டு மாடி, தி.நகரில் ஐந்து மாடி ஜவுளிக்கடை. அந்தக் கடையில் பில் போடும் மெஷினையே விற்பனைப் பெண்கள் கையில் வைத்துக்கொண்டு நடக்கிறார்கள் என்று நீ சொன்னபோது எனக்கு நம்பவே முடியவில்லை. "இனிமே வைஃபை இல்லாத ஆபீஸே இருக்காதும்மா. ஜூஸ் கடைக்காரரு கூட ஆள் வெச்சு போடச் சொல்றாரு" என்றாய். அதற்குப் பிறகு நான் எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தேன். கூரையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வெள்ளையாக ஒன்று ஒட்டியிருக்கும். மந்தவெளி பேங்கில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளிடம், "இது எம் பையன் மாட்டினது" என்று ஒரு நாள் சொல்லிவிட்டேன். அது நீ மாட்டியதா வேறு யாராவது மாட்டியதா என்றுகூட எனக்குத் தெரியாது.

அதனால்தான், எங்கள் சென்டரிலும் ஒயரை எடுத்துவிட்டு வைஃபை போடப்போகிறார்கள் என்று மேனேஜர் சொன்னதும், "சார், எம் பையன் இதே வேலைதான் சார் பாக்குறான்" என்று முந்திக்கொண்டு சொன்னேன். உன் பெயரைக் கொண்டுபோய் அங்கே வைத்தது நான். நீ தனிப்பொறுப்பில் எடுத்த முதல் வேலை அது. ஏணி மேல் நீ நிற்க, மேரி கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "நைனா, பாத்து கால வையி" என்று நூறு தடவை சொன்னாள். உன் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த இரண்டு மாதமும் பள்ளிக்கூடம் விட்டு நீ நேராக அவள் வீட்டுக்குத்தான் போவாய். அவள் வீட்டுக்காரர் ஆன்டணி அண்ணன் வலை பின்னும்போது பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாய். என் கையால் சாப்பிட்டதைவிட அந்த இரண்டு மாதத்தில் அவள் கையால்தான் நீ அதிகம் சாப்பிட்டாய்.

வைஃபை வந்தது. நல்லதும் நடந்தது, அதை நான் மறைக்கவில்லை. மேலே ஸ்கேன் முடிந்தவுடன் கீழே என் மேஜையில் படம் வந்து நிற்கும். டாக்டர்கள் கையில் டேப்லெட் வைத்துக்கொண்டு நடந்துகொண்டே பார்த்தார்கள். நோயாளிகள் காத்திருக்கும் நேரம் பாதியாகக் குறைந்தது. மேரி படியேறுவதும் நின்றது. அவளை வாசலில் நின்று வருகிறவர்களுக்கு வழி காட்டும் வேலைக்கு மாற்றினார்கள்.

ஊழியர்கள் தங்கள் சொந்தப் போனையும் இணைத்துக்கொள்ளலாம், நெட் இலவசம் என்று ஒரு தாளைத் தண்ணீர் கேன் பக்கத்துச் சுவரில் ஒட்டினார்கள். முதல் வாரம் யாரும் இணைக்கவில்லை. போனில் ஒரு பக்கம் திறந்து பெயரும் நம்பரும் கேட்டது, அதனால் தயங்கினார்கள். அப்போது நீ வீட்டில் என்னிடம் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "நீ சொன்னா கேப்பாங்கம்மா. கொஞ்சம் சொல்லேன். எத்தன பேரு யூஸ் பண்றாங்கன்னு எங்க ஆபீஸ்ல கேப்பாங்க." நான் மறுநாளே ஒவ்வொருவரிடமும் போனேன். மேரி தன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்னாக்கா இது, நம்ம போனுக்கு நம்ம பேரு இன்னாத்துக்கு?" என்றாள். "சரவணன் போட்டது மேரி. நமக்குத் தப்பா ஏதாவது செய்வானா?" என்றேன். "அத்த மொதல்லயே சொல்லேன்" என்று சிரித்துக்கொண்டே போனை என் கையில் கொடுத்தாள். அவள் பெயரை, அவள் நம்பரை, என் விரலால் நான்தான் அடித்தேன். அந்த வாரத்திலேயே பதினொரு பேரையும் சேர்த்துவிட்டேன். நீ சந்தோஷப்பட்டாய். எனக்குப் பால்கோவா வாங்கி வந்தாய்.

ஆன்டணி அண்ணன் படகிலிருந்து தவறி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது மழைக்காலத்தில். படுத்த படுக்கை. சர்க்கரை வேறு. பகலில் வீட்டில் யாரும் இல்லை. பதினோரு மணிக்கு ஒரு தடவை, மூன்று மணிக்கு ஒரு தடவை அவரை வீடியோவில் கூப்பிட்டு, மாத்திரையை எடுக்க வைத்து, விழுங்குகிறவரைக்கும் மேரி பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்துவிடுவார். வாசலில் நின்று பேசினால் படம் நின்று நின்று வந்தது. நீ முன்பு சொல்லியிருந்தாயே, மூன்றாவது மாடிப் பின்பக்கப் படிக்கட்டில் சிக்னல் பிரமாதமாக இருக்கும், வைஃபை பெட்டி அங்கேதான் இருக்கிறது என்று. அதை அப்படியே அவளிடம் சொன்னேன். "அங்க போய்ப் பேசிட்டு வா, வாசல நான் பாத்துக்கறேன்" என்றேன். தினமும் போகும்போது என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போவாள். அவள் வரும்வரை நான் எழுந்துபோய் வாசலில் நிற்பேன். ஒரு நோயாளியும் அதனால் காத்திருக்கவில்லை.

பொங்கல் முடிந்து இரண்டாவது வாரம் மேனேஜர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். மேரிக்கு வேலையை விட்டு நிறுத்தும் கடிதம், எனக்கு அதில் சாட்சிக் கையெழுத்து. மேஜையில் ஒரு அச்சடித்த தாள். "டூட்டி டைம்ல டெய்லி நாப்பது நிமிஷத்துக்கு மேல மூணாவது மாடி பின்பக்கம் இருந்திருக்கீங்க. ரெண்டு மாசமா. எல்லாம் இதுல இருக்கு" என்றார். தேதி, நேரம், எந்த மாடி, எத்தனை நிமிஷம் என்று வரிசையாக இருந்தது. மேலே மேரியின் பெயர், நான் அடித்தபோது எழுத்துப் பிசகாக விழுந்திருந்த அதே மாதிரி. மேரி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "உன்னாண்ட சொல்ட்டுத்தானேக்கா போவேன்?" என்றாள். "ஆமா சார், எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போவா. நான்தான் அனுப்பினேன்" என்றேன். "மேடம், நீங்க இதுல வராதீங்க, ப்ளீஸ்" என்றார் அவர். படியேற ஆள் தேவைப்படாத நாளிலிருந்தே அவள் இடத்தை எடுத்துவிட நினைத்திருக்கிறார்கள், ஒரு காரணம் வேண்டியிருந்தது, அந்தத் தாளில் கிடைத்துவிட்டது. மேரி கையெழுத்துப் போட்டாள். பையை எடுக்க வெளியே போனாள்.

அவள் போன பிறகு நான் கேட்டேன், "போன்ல நெட் குடுக்குறதுக்குத்தானே சார் அது? ஆளு எங்க நிக்கிறாங்கன்னு அதுக்கு எப்படித் தெரியும்?" அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "உங்க பையன்தானே மேடம் வாராவாரம் இந்த ரிப்போர்ட் அனுப்புறாரு. உங்களுக்குத் தெரியாதா?" தாளின் அடியைக் காட்டினார். தயாரித்தவர் என்ற இடத்தில் உன் பெயர் இருந்தது. உன் அப்பா பெயரின் முதல் எழுத்தோடு.

எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று தெரியவில்லை. அடையாறு பாலத்தில் பஸ் நின்றிருந்த நேரம் முழுக்க உனக்காகக் காரணங்கள் தேடினேன். இவனுக்குத் தெரியாமல் யாரோ இவன் பெயரைப் போட்டிருப்பார்கள். மெஷின் தானாக அனுப்பியிருக்கும். நீ வந்து சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் கேட்டேன். அன்று நாம் பேசியதை ஒரு வார்த்தை கூட்டாமல் எழுதுகிறேன், தப்பென்றால் திருத்து. "நான் யாரையும் வேலைய விட்டுத் தூக்கலம்மா. ரிப்போர்ட் கேட்டாங்க, செட் பண்ணிக் குடுத்தேன்" என்றாய். எல்லா இடத்திலும் இப்படியா என்று கேட்டேன். "போன் எந்தப் பெட்டியோட பேசுதுன்னு எல்லாத்துலயும் பதிவாகும்மா. கேக்குற எடத்துல பேர் வாரியா எடுத்துக் குடுப்போம். நெறைய எடத்துல கேக்குறாங்க" என்றாய். எங்கிட்ட ஏன்டா சொல்லல என்று கேட்டேன். தட்டைப் பார்த்துக்கொண்டு, "சொல்லியிருந்தா நீ யாரையும் கனெக்ட் பண்ண விட்டிருக்க மாட்ட" என்றாய்.

அதுவரைக்கும்கூட நான் தாங்கிக்கொண்டேன். பிறகு ஒன்று கேட்டேன், "எம் பேரும் அதுல இருக்கா?" நீ சொன்னாய், "சிஸ்டத்துல இருக்கும்மா. ஆனா அவங்களுக்குப் போற லிஸ்ட்ல உன் பேர நான் எடுத்துட்டேன்." என்னைச் சமாதானப்படுத்தத்தான் அதைச் சொன்னாய் என்று நினைக்கிறேன். சரவணா, அந்த வார்த்தையில்தான் நான் உடைந்துபோனேன். நீ ஒன்றும் புரியாமல், மேலதிகாரி சொன்னதைச் செய்த பையன் என்றால் நான் இரண்டு நாள் திட்டிவிட்டு விட்டிருப்பேன். உனக்குப் புரிந்திருக்கிறது. அந்தப் பட்டியலில் இருப்பது ஒருவருக்கு என்ன செய்யும் என்று புரிந்துதான் உன் அம்மாவை மட்டும் வெளியே எடுத்திருக்கிறாய். மேரியின் பெயரைத் தாண்டித்தானே என் பெயருக்கு வந்திருப்பாய்? அவள் பெயரைப் பார்த்தபோது கை நிற்கவில்லையா?

ஒருவர் நம்மைக் கண்காணித்தால் எப்படி இருக்கும் என்று உனக்கு நான்தான் முதலில் காட்டினேன், அதையும் ஒத்துக்கொள்கிறேன். நீ ப்ளஸ் ஒன் படிக்கும்போது டியூஷனுக்குப் போகிறாயா இல்லையா என்று சந்தேகப்பட்டு, அரைநாள் லீவு போட்டுவிட்டு, லஸ் முனையில் பழ வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். நீ என்னைப் பார்த்துவிட்டாய். ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. மேரியிடம் போய் அழுதிருக்கிறாய். அவள் வந்து என்னைப் பிடிபிடியென்று பிடித்தாள். "நேரா கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே, ஒளிஞ்சு நின்னு பாக்குதேன்னு புள்ள அழுவுறான்க்கா. நீ பண்ணது ரொம்பத் தப்பு." நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டேன். பெற்றவள் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது நம் சொந்தத்தில் வழக்கமில்லை, கேட்டேன். சந்தேகப்படுகிறவர்கள்தான் ஒளிந்து நின்று பார்ப்பார்கள் என்று நீ அன்றைக்குச் சொன்னாய். இன்றைக்கு ஊர் முழுக்க ஏணி போட்டு ஏறி அதே வேலையைத்தான் செய்துவிட்டு வருகிறாய்.

நான் வேலையை அவசரப்பட்டு விட்டுவிட்டேன் என்று நீ சித்தியிடம் சொல்லியிருக்கிறாய். நடந்தது இதுதான். மறுநாள் காலை ஒரு தாளில் கையால் எழுதினேன்: இதில் உங்கள் போனை இணைத்தால் நீங்கள் எந்த மாடியில் எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்பது பதிவாகி மேனேஜருக்குப் போகும். தண்ணீர் கேன் பக்கத்தில், நெட் இலவசம் என்ற அந்தத் தாளுக்குக் கீழே ஒட்டினேன். சாப்பாட்டு நேரத்துக்குள் கிழித்துவிட்டார்கள். மறுபடி எழுதி ஒட்டினேன். மேரி போக மீதிப் பத்துப் பேரில் ஒன்பது பேர் அன்றே இணைப்பை எடுத்துவிட்டார்கள். ஒருத்தி என்னிடம் வந்து, "நீங்க சொன்னீங்கன்னுதானே ஆன்ட்டி போட்டோம்" என்றாள். மூன்றாம் நாள் மேனேஜர் என்னை மரியாதையாகக் கூப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஓய்வெடுங்கள் என்றார். நானும் மரியாதையாக எழுந்து வந்துவிட்டேன்.

இதற்குப் பதினைந்து நாளில் நீ ஹைதராபாத் கிளம்பினாய். பெரிய வேலை. ஸ்டேஷனில் காலைத் தொட்டுக் கும்பிட்டாய், நானும் தலையில் கை வைத்தேன். அங்கே நீ போடப்போகிற ஆபீஸ்களிலும் யாரோ ஒருத்தி போனைத் திருப்பிப் பார்த்து இது எதற்கு என் பெயரைக் கேட்கிறது என்பாள். அவளிடம் உள்ளதைச் சொல். அதன் பிறகு இணைப்பதா வேண்டாமா என்பதை அவள் பார்த்துக்கொள்ளட்டும். முதலாளி கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். நான் உன்னிடம் கேட்பது இவ்வளவுதான், இதைக் கேட்கும்படி வைத்துவிட்டாயே என்பதுதான் என் வருத்தம்.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். அந்த ரிப்போர்ட் உன் கையிலிருந்து வந்தது என்று மேரியிடம் நான் சொல்லவில்லை. அவளைப் பார்க்கப் போனேன், ஆன்டணி அண்ணனுக்கு மாத்திரையும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு போனேன், அந்த மேனேஜரைத் திட்டினேன், அவளும் தலையாட்டினாள். உன் பெயர் மட்டும் என் வாயில் வரவில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று ஒவ்வொரு தடவையும் அவள் கேட்டாள். நன்றாக இருக்கிறான் என்றேன். நான்கு மாதம் இப்படி ஓட்டினேன். நீ என்னிடம் மறைத்ததற்காக உன்னோடு பேச மறுத்துக்கொண்டே, நான் அவளிடம் மறைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் போனை வைத்த பிறகு அது எனக்கு உறைத்தது. திங்கட்கிழமை காலையில் பட்டினப்பாக்கம் போனேன். மேரி இப்போது நாத்தனாரோடு ரோட்டோரம் மீன் வைத்து உட்காருகிறாள். புடவை மேல் ஒரு பழைய சட்டை, கையில் கத்தி. என்னைப் பார்த்ததும் ஒரு ஸ்டூலைத் தள்ளினாள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று பயம். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நீ அனுப்பியது, என்னை ஏன் சொல்லச் சொன்னாய் என்பது, என் பெயரை மட்டும் எடுத்தது வரைக்கும்.

அவள் கையிலிருந்த மீனைச் செதில் எடுத்து முடித்தாள். தண்ணீரில் அலசி வைத்தாள். பிறகு சொன்னாள்: "தெரியும்க்கா. அந்த பேப்பர்ல கீழ அவன் பேரு கீதே. கையெழுத்து போடசொல்லோ படிச்சேன். நீயா சொல்லுவன்னு பாத்துக்கினு இருந்தேன்."

"நாலு மாசமாவா?" என்றேன். "நீ வந்து வந்து போனியா, ஒவ்வொரு தபாவும் இன்னிக்கி சொல்லும்னு நெனப்பேன். நீ ஆப்பிள குடுத்துட்டு பூடுவ." அவள் குரலை உயர்த்தவே இல்லை. ஒரு ஆள் வந்து சங்கரா மீன் என்ன விலை என்று கேட்டார், அவருக்குப் பதில் சொன்னாள், எடை போட்டுக் கொடுத்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் போன பிறகு, "அவன எம் புள்ள கணக்காத்தான் நெனச்சேன். சரி வுடு. நீ இன்னிக்கி போக்கா. இன்னிக்கி என்னால உன்கூட பேச முடியாது. இன்னொரு நாள் வா" என்றாள்.

பஸ்ஸில் ஏறாமல் மந்தவெளி வரை நடந்தே வந்தேன். அவள் எனக்கு இன்னொரு நாள் கொடுத்திருக்கிறாள். அதற்கு நான் தகுதியா என்று தெரியவில்லை, ஆனாலும் போவேன். உனக்கு அப்படி ஒரு நாளை என்னால் இன்னும் கொடுக்க முடியவில்லை. கொடுக்க வேண்டியவள் நான் இல்லை என்றும் தோன்றுகிறது.

லீவு கிடைத்ததும் வருகிறேன் என்றாய். வா. ஆனால் ரயிலை விட்டு இறங்கியதும் வீட்டுக்கு வராதே. முதலில் பட்டினப்பாக்கம் போ. காலை பத்து மணிக்குள் போனால் அவள் ரோட்டோரம் இருப்பாள், தாமதமானால் வீட்டில் ஆன்டணி அண்ணன் பக்கத்தில் இருப்பாள். என்னைத் துணைக்குக் கூப்பிடாதே. அவள் என்ன சொன்னாலும், ஒன்றுமே சொல்லாவிட்டாலும், அவள் போகச் சொல்கிறவரை அங்கேயே நில். அதற்குப் பிறகு வீட்டுக்கு வா.

அம்மா